லாச்சப்பல் ஜன்னலோரத் தாவரவியல்: இளவேனில் செடிகள் குறித்த ஓர் ஆய்வு

பராமரிப்பில்லாச் செடி என்பது, யாரும் கவனிக்காவிட்டாலும் இளவேனில் வந்ததும் தன்பாட்டில் தளிர்த்துப் பூக்கும் செடி. இந்தக் கவனிப்பை அளக்கத் தாவரவியலில் அலகு கிடையாது. பாரிசின் லாச்சப்பல் பகுதியில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடையே அது தானாகவே உருவாகியிருக்கிறது. விடுமுறைக்குப் போன வீட்டுக்காரர், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, “செடிக்குத் தண்ணி விட்டனீங்களோ?” என்று வாரத்தில் எத்தனை முறை கேட்கிறார் என்பதே அந்த அளவு. இக்கட்டுரை இதை ‘விசாரிப்பு எண்’ என்று குறிக்கிறது. எண் பூச்சியமானால் செடி உத்தமம்.

அந்த எண்ணைப் பெற, செடி பாரிசின் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கவேண்டும். பாரிஸை வெப்பமும் வறட்சியும் உள்ள ஊர் என்று எப்படிச் சொல்லலாம் என்ற ஆட்சேபம் எழும். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பாரிசில் சுமார் 640 தான். வருடம் முழுக்கத் தூறித் தூறியே அந்த ஊர் ஈரமான ஊர் என்று பெயர் வாங்கிவிட்டது. வெப்பத்துக்குச் சாட்சி 2019 ஜூலை 25: அன்று பாரிசில் 42.6 பாகை. துத்தநாகக் கூரைக்குக் கீழே, ஆறாம் மாடியில், தெற்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் இருந்த தொட்டி என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த விளிம்பு எந்தத் திணை என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியம் பாலைக்கு என்று தனி நிலம் வகுக்கவில்லை. பொழுதாக வேனிலையும் நண்பகலையும் தந்து, பின்பனியும் அதற்கு உரியது என்கிறது, உரிப்பொருள் பிரிவு. சொந்த நிலமில்லாத, நண்பகலில் கொதிக்கிற, ஊரைப் பிரிந்து வந்தவர்கள் வாழ்கிற வீட்டு ஜன்னலுக்கு இதைவிடப் பொருத்தமான திணை அமையாது. பின்பனியும் தவறாமல் வருகிறது. பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் மே 11, 12, 13 ஆகிய நாள்களுக்குரிய மூன்று புனிதர்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்பார்கள். அவர்கள் கடந்துபோகும்வரை குளிர் தாங்காத செடியை வெளியே வைப்பதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது புதிய பட்டம்.

பூச்சிய எண் பெறும் செடிகளில் மூத்தது ஜூபார்ப். ரோஜாப்பூ அடுக்கில் சதைப்பற்றான இலைகள் கொண்ட, கல்லிலும் ஓட்டிலும் வளரும் செடி. கி.பி. 800-ஐ ஒட்டி, பேரரசர் சார்லமேனின் பண்ணைகளுக்கான ஆணை தோட்டத்தில் வளர்க்கவேண்டிய செடிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரைமேல் இதை வைத்திருக்கவேண்டும் என்று முடிகிறது. இடி விழாமல் காக்கும் என்பது அக்கால நம்பிக்கை. இதன் ஒரே குறை, வைத்தவர்களே இதை மறந்துவிடுவது.

துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். கடுங்குளிரும், அதன்பின் காய்ந்த கோடையும் அதற்கு வேண்டும். அக்டோபரிலோ நவம்பரிலோ கிழங்கைப் புதைத்தால் ஏப்ரலில் பூக்கும். பூ முடிந்ததும் இலை மஞ்சளாகும். அது தானாகக் காயும்வரை விட்டால்தான் கிழங்கு அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துக்கொள்ளும். பழுத்த இலையைக் கண்டால் கிள்ளிவிடும் கைகள் உள்ள வீட்டில் துலிப் ஓராண்டுப் பயிரே.

லாவண்டரும் ரோஸ்மேரியும் தண்ணீர் இல்லாமல் சாவது அரிது. தண்ணீரால் சாவதே வழக்கம். அரிசி கழுவின தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற கொள்கை நிலவும் வீட்டில், நாளுக்கு இருவேளை அது தொட்டிக்குப் போகும். வேர் அழுகும். இச்செடிகளின் எண் பூச்சியம்தான். அவற்றின் ஆயுள் உரிமையாளரின் கருணைக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது.

நித்தியகல்யாணியின் நிலை பரிதாபம். ஊரில் மண் வெடித்த இடத்திலும் ஆண்டு முழுக்கப் பூப்பது, பாரிசில் மே நடுவில் வெளியே வந்து முதல் உறைபனியில் கருகிவிடுகிறது. நித்தியம் அங்கே ஐந்து மாதம்.

எல்லாரையும் வெல்வது பட்லெயா. கார் து நோர், கார் து லெஸ்ட் நிலையங்களிலிருந்து வடக்கே போகும் தண்டவாளங்களின் ஓரச் சரளையில் யாரும் நடாமலே ஊதாப்பூ விடுகிற சீனப் புதர் இது. அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரைத் தன் தாவரப் பெயரில் சுமப்பது. விதை காற்றில் பறக்கும். ஊடுருவும் இனம் என்று அரசு முகஞ்சுளிக்கிறது. தாளிக்கவும் உதவாததால் இது போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது.

மீதமிருப்பது கறிவேப்பிலை. இதன் எண்ணை அளக்கப் போனால் தொலைபேசிக் கட்டணம் தாங்காது. அக்டோபரில் உள்ளே தூக்கவேண்டும். ஹீட்டர் காற்றில் இலை கொட்டும். பிப்ரவரியில் வெறும் குச்சி நிற்கும். உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பதும், புளித்த மோர் ஊற்றுவதும் நடைமுறையிலுள்ள சிகிச்சைகள். இதன் அறிவியல் பெயரில் இருப்பவர் கோனிக். லின்னேயஸின் மாணவர், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்தவர். 2019 டிசம்பர் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் பயணி தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக்கூடியவை அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியான் ஆகிய ஐந்து பழங்கள் மட்டுமே. அம்மா பெட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று அந்தப் பட்டியலில் இல்லை. எலுமிச்சை இனங்களுக்கு நோய் பரப்பும் ஒரு சிறு பூச்சி அதில் குடியிருப்பது அதற்கு வலுவான காரணம்.

ஃபோபூர் சேன் தெனி வீதிக் கடைகளில் இலை கட்டாகவே கிடைக்கும்போது செடி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பொருளாதாரத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பாலையின் உரிப்பொருள் பிரிவு என்று மேலே கண்டோம். விசாரிப்பதற்கு ஒன்று இருக்கவேண்டும் என்பதும் ஒரு தேவையே.

பராமரிப்பில்லாச் செடி வேண்டுவோர் அக்டோபரில் துலிப் கிழங்கைப் புதைத்துவிட்டு மறந்துவிடலாம். கறிவேப்பிலை வைத்திருப்போர் மே 14 வரை தொட்டியை வெளியே வைக்கவேண்டாம்.