பயிற்சியாளரின் கடிகாரம்

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக் காவலர்கள் அசந்திருக்கும் உச்சிவெயில் நேரம் பார்த்துத்தான் ஆங்கிலேயப் படை பாய்ந்தது. எதிரிக்கு நேரம் தெரிந்திருந்தது.

விளையாட்டில் பயிற்சியாளருக்கு நேரம் தெரியாமல் போனால்? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஸ்டான் ரைட் நம்பியது பழைய அட்டவணையை. 100 மீட்டரை 9.9 விநாடியில் ஓடிய எடி ஹார்ட்டும் ரே ராபின்சனும், தாங்கள் ஓடவேண்டிய காலிறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் கண்டு திகைத்தார்கள். விழுந்தடித்து ஓடியும் பிந்திவிட்டது. உடன் வந்த ராபர்ட் டெய்லர் மட்டும் கடைசி நொடியில் களமிறங்கி, பிறகு வெள்ளி வென்றார். பழியை ரைட் தாமே ஏற்றார்.

நம்மூரில் கெடுபிடியெல்லாம் வீரர்கள் மேல்தான். 2016 ரியோவுக்கு முன் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்துவின் கைப்பேசியை மூன்று மாதம் வாங்கி வைத்தார் பயிற்சியாளர் கோபிசந்த். ஐஸ்கிரீமுக்கும் தடை. கிடைத்தது வெள்ளி.

பிந்தி வரும் பையனுக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று. அட்டவணை தவறிய பயிற்சியாளருக்கு எத்தனை?