பிறக்காததற்குப் பிரேத பரிசோதனை

வீட்டிலேயே கூட்டிய கொம்பியூட்டர், பட்டனை அமுக்கியும் மூச்சுக் காட்டாமல் இருந்தால், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தீர்ப்பு வர அதிக நேரம் எடுக்காது. மேல்மாடி மாமா எட்டிப் பார்த்து, மதர்போட் அடித்துவிட்டது என்பார். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வரும் மச்சான், கமெராவை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி, புரொசசர் போய்விட்டது என்பார். பெட்டிகள் வந்திறங்கியபோது வாசலில் நின்ற முன்வீட்டாரின் கண்தான் என்று வீட்டு அம்மா முடித்துவைப்பார். இவற்றுள் நான் மதிப்பது அம்மாவின் கட்சியைத்தான். அவர் சொல்லும் நோய்க்கு மட்டும்தான் ஒரு பிடி மிளகாயோடும் உப்போடும் பரிகாரம் முடிகிறது. மற்ற இருவரும் தொடங்கும் இடமே பிழை. நேற்றுவரை ஓடி இன்று நின்ற கொம்பியூட்டரைப் பார்த்து 'செத்துப்போச்சு' என்று சொல்லலாம். ஒருநாளும் ஓடாதது இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காததற்குப் பிரேத பரிசோதனை செய்வதைவிட, பிரசவம் பார்த்த கையை விசாரிப்பதுதான் முறை. வாங்கிய பொருட்கள் எல்லாவற்றையும் நிரபராதிகளாக வைத்துவிட்டு, கூட்டியவரைத்தான் முதலாம் எதிரியாக்க வேண்டும் என்பது என் வாதம்.

சாட்சிகள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. கேசிங்கின் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர், மதர்போட்டின் கீழ்மூலையில் இருக்கும் ஒன்பது ஊசிகளில் குறிப்பிட்ட இரண்டின் மேல் உட்கார வேண்டும். ஊசிகளுக்குப் பக்கத்தில் அச்சடித்த எழுத்தை வாசிக்க எறும்பின் கண் வேண்டும். அதனால் பலரும் ஊகத்தில் செருகிவிடுகிறார்கள். ஓர் ஊசி தள்ளிப் போட்டாலும் பட்டன் வெறும் அலங்காரம்தான். பட்டனுக்குக் கூட்டல் கழித்தல் பார்க்கத் தேவையில்லை, லைட்டுக்குத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஆட்கள் லைட்டைக் கவனமாகப் போட்டுவிட்டுப் பட்டனைத்தான் கோட்டைவிடுவார்கள். அந்த இரண்டு ஊசியையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கொம்பியூட்டர் எழும்பும். எழும்பினால் மாமாவின் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி. மேல்மூலையில், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எட்டு ஊசிச் செருகி புரொசசருக்கான தனி மின்சாரம். அதை மறந்தால் விசிறிகள் சுழல்வதும் உண்டு, திரை மட்டும் இருட்டாகவே கிடக்கும். ராம் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அமர வேண்டும். விலையுயர்ந்த பொருளை அழுத்தப் பயந்து பாதியில் விடுவது நல்ல மனிதர்களின் வழக்கம். பிறகு, பவர் சப்ளையின் பின்பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இவை ஊகங்கள் அல்ல, சோதித்துப் பார்க்கக்கூடியவை. 1995இல் இன்டெல் வகுத்த ஏரிஎக்ஸ் முறைப்படி, சுவரில் கரண்ட் இருந்தால் பட்டனை அமுக்காமலே 5 வோல்ட் மின்சாரம் ஊதா வயரால் மதர்போட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பட்டன் செய்வது, பச்சை வயரை நிலத்தோடு தொடுக்கச் சொல்லி மதர்போட்டிடம் கேட்பது மட்டும்தான். ஆகவே பெரிய செருகியைக் கழற்றி, பச்சையையும் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் பவர் சப்ளை தனியாகவே ஓட வேண்டும். இந்த அருமையான சோதனைக்கு வசதியாக இருந்த நிறங்களை விட்டு, பல கம்பனிகள் எல்லா வயரையும் கறுப்பாக்கிவிட்டன. இப்போது பதினாறாவது ஊசியை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

பொருளே பழுதாக வருவதில்லையா என்று கேட்பார்கள். வரும். ஆனால் ஒவ்வொரு பொருளையும் தொழிற்சாலையில் யாரோ ஒருமுறையாவது சோதித்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றோடொன்று கோத்த வேலையை மட்டும் இந்த உலகத்தில் எவரும் சோதிக்கவில்லை. சோதிக்காததிலிருந்து தேடுவதுதானே நியாயம்? செலவுக் கணக்கும் என் பக்கம்தான். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில், சந்தேகத்தின் பேரில் ஒரு புரொசசர் வாங்குவது வைத்தியம் அல்ல, வேள்வி.

அடுத்த ஆட்சேபம் உள்ளூர்க்காரருடையது: கொழும்பு வேறு. வெள்ளவத்தையில் கடற்காற்றின் உப்பு கம்பியைத் தின்கிறது, எறும்பு புகுகிறது, பல்லி பவர் சப்ளைக்குள் போய்க் கருகுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் உப்பு மாதக்கணக்கில் தின்னும். நேற்றிரவு பூட்டியதை விடியுமுன் தின்று முடிக்காது. புதுப் பெட்டியின் விலாசமும் பல்லிக்கு இன்னும் தெரிந்திருக்காது. சுவரைக் குறைசொன்னால் மட்டும் நான் உடன்படுவேன். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் வட்டத்துளை 5 ஆம்பியரும் 15 ஆம்பியரும் சதுரத்துளை 13 ஆம்பியரும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. இரட்டை ஊசி பிளக்கைச் சதுரத் துளையில் செருகுவதற்காக, மேலே உள்ள ஏர்த் துளையில் பேனா மூடியைக் குத்தித் தகட்டைத் திறக்கும் கலை நமது தேசியச் சொத்து. அப்படிச் செருகியது லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அங்கே போன் சார்ஜாகிறது என்பது சாட்சியே அல்ல. போனுக்கு ஒரு சொட்டு போதும். அதே துளையில் ஸ்திரிக்கைப் பெட்டியைப் போட்டுச் சூடேறுகிறதா என்று பாருங்கள்.

சுவருக்கு அப்பாலும் போகலாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்தது என்றார் மின்சக்தி அமைச்சர். உலகம் சிரித்தது. பின்னர் மின்சார சபை தந்த விளக்கம் அவ்வளவு பிரபலமாகவில்லை: விடுமுறை நாள், தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் குறைவு. அதாவது பாகங்கள் தனித்தனியே நல்லவைதான், அன்று அவை கோத்திருந்த விதம்தான் தளர்வு. மேல்மாடி மாமாவுக்கும் இதுதான் என் பதில். எல்லாரும் குரங்கைத்தான் தேடுகிறார்கள்.

இவ்வளவு மினக்கெடுவானேன், ஓட்டோ பிடித்துப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது என்பவர்களும் உண்டு. கொடுக்கலாம். கடைப் பையன் வயரைச் செருகுவான், பட்டனை அமுக்குவான், அது உடனே ஓடும். "என்ன தம்பி செய்தனீர்?" என்றால், "ஒண்டும் செய்யேல்லை அண்ணை" என்பான், பார்த்ததற்கு மட்டும் காசு எடுப்பான். காலி வீதியின் குலுக்கலில் பாதியில் நின்ற ராம் போய் அமர்ந்திருக்கலாம், அல்லது கடையின் சுவர் நல்ல சுவராக இருக்கலாம். எது என்று அறிய அதே ஓட்டோவில் திரும்பி வந்து வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடினால் ராம். ஓடாவிட்டால், அடுத்த ஓட்டோவுக்குக் கைகாட்டுமுன், ஏர்த் துளையில் இருக்கும் பேனா மூடியை எடுத்துவிடுங்கள்.