சாவகச்சேரி மாணவரின் கால்நடைப் பற்று: ஓர் ஆய்வு

உயர்தரப் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும் விருப்பப் பட்டியல், பிள்ளையின் இலட்சியத்தைக் காட்டும் ஆவணம் என்று நம்புவோர் உளர். சாவகச்சேரியில் பயோ படித்தவர்களின் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். முதலில் மருத்துவம், பிறகு பல் மருத்துவம், அதன் பிறகு மிருக வைத்தியம், வெகு கீழே விவசாயம். சாவகச்சேரி அமைந்த, பலாவும் தென்னையும் செழித்த தென்மராட்சியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் பக்கத்துக் கிளிநொச்சியிலேயே இருக்க, பேராதனையில் மட்டும் கற்பிக்கும் மிருக வைத்தியத்தில் இத்தனை பேருக்கும் ஒரே அளவு பற்று எப்படி வந்தது? மனிதனுக்கு அடுத்தது பல், பல்லுக்கு அடுத்தது பசு என்ற ஒழுங்குக்கு எந்த உளவியலிலும் விளக்கமில்லை. போன வருட வெட்டுப்புள்ளிகளை இறங்குவரிசையில் அடுக்கினால் உடனே விளங்கும். ஆகவே எமது முடிபு: ஒரு பிள்ளையின் இலட்சியம், அதற்கு முந்தின வருடம் சோதனை எழுதியவர்கள் விட்டுப்போன எண்.

நாட்டம் உள்ளத்தில் ஊறுவது, எண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை என மறுக்கலாம். ஆனால் அனுமதி நடக்கும் விதத்தைப் பாருங்கள். பாடங்களின் புள்ளிகளை ஒப்பிட உதவும் இசட் புள்ளி 2001இல் வந்தது. அந்தப் புள்ளியின் வரிசையில், பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. எனவே ஒரே புள்ளி எடுத்த இருவரில் சாவகச்சேரியில் படித்தவருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, ஏ-9 வீதியில் சற்றுத் தள்ளிப் பளையில் படித்தவருக்கு, அது கிளிநொச்சி மாவட்டமாதலால், வேறொன்று. உள்ளத்தில் ஊறுவது மாவட்ட எல்லையான முகமாலையில் நிறம் மாறுமாயின் அது என்ன ஊற்று? பட்டியலை நிரப்புவது தாயும், ரியூசன் சேரும், கனடா மாமாவும்தானே என்ற மறுப்பும் நிற்காது. அவர்கள் பார்ப்பதும் அதே வெட்டுப்புள்ளியைத்தான். மாமா கொஞ்சம் தூரத்திலிருந்து பார்க்கிறார், அவ்வளவே.

வலுவான மறுப்பு ஒன்றே: அப்படியானால் இவர்கள் எப்படி நல்ல மிருக வைத்தியர்கள் ஆகிறார்கள்? ஆகிறார்கள், ஐயமில்லை. பட்டம் பெற்று வந்தவரைக் கேளுங்கள். சின்ன வயதிலேயே மாடு கண்டால் விடமாட்டேன் என்பார். பொய் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்தோடு அதற்குப் பொருத்தமான பிள்ளைப் பருவமும் வழங்கப்படுகிறது. பல் மருத்துவம் கிடைத்திருந்தால் அந்த மாட்டின் பல் மட்டும் நினைவிலிருந்திருக்கும்.