அழிக்காத அண்ணாச்சி

தூத்துக்குடியில் கிளியரிங் ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதற்குள் அவரும் இருப்பார். பீச் ரோட்டுப் பழைய மாடியோ, துறைமுகம் போகிற வழியில் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடமோ, ஏசிக் காற்று நேரே மண்டையில் படாத மூலையில் ஒரு மேசை கிடக்கும். அதன்மேல் போன வருஷத்துக் கப்பல் கம்பெனிக் காலண்டர். அதற்குப் பின்னால் அண்ணாச்சி. ஷிப்பிங் பில் போடவும், டெலிவரி ஆர்டர் வாங்கவும், கேட்டில் நிற்கிற டிரெய்லர் டிரைவரைச் சமாதானப்படுத்தவும் மற்ற ஆட்கள் உண்டு. இவர் வேலை மெயிலை அழிக்காமல் வைத்திருப்பது.

எந்த மெயிலையும்தான். என்றைக்கோ இழுத்து மூடிவிட்ட ஒரு குடோன்காரர் வாடகை கேட்டு எழுதியது இருக்கும். கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, ஆகவே பதில் தாமதமாகும் என்று பக்கத்து அறையிலிருந்து வந்தது இருக்கும். இறந்துபோன அப்பாவின் கோடிக்கணக்கான டாலரில் பங்கு தருவதாக நைஜீரியாவிலிருந்து ஓர் இளவரசர் எழுதியதும் பத்திரமாக இருக்கும்.

"இதை ஏன் அண்ணாச்சி வச்சிருக்கிய?"

"நாளைக்கே இவன் முந்திரிக்கொட்டை அனுப்புதேன்னு வந்து நின்னாம்னா? ஆளு யாருன்னு தெரியணும்லா?"

சிரிக்க முடியாது. ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை கன்டெய்னர் கன்டெய்னராக வந்து இறங்குகிற ஊர் இது.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை. அவர் ஃபேக்ஸ் காலத்தில் அடிபட்டவர். பளபளவென்று சுருளாக வருமே, அந்தத் தாளில் எழுத்து சூட்டால் பதிவது; சூடு பட்டே போய்விடவும் செய்யும். தூத்துக்குடி வெயிலில் தகர பீரோவுக்குள் ரெண்டு கோடை கிடந்தால் போதும். வாடகையைத் தள்ளுபடி செய்வதாக ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஃபேக்ஸை, வழக்கு முற்றிய நேரத்தில் ஆவலோடு எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். அன்றைக்குப் போன நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் (2018) ஐந்து வருஷம் ஆவணங்களை வைத்திருந்தால் போதும் என்கின்றன. அதைச் சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். "கவர்மென்ட் அஞ்சு வருஷத்துல மறந்துரும். கப்பல்காரன் ஆறாவது வருஷம்தான் கேப்பான்."

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயிலில் ஒரு ஜிபி இடம் இலவசம் என்று கூகுள் அறிவித்தபோது, முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலரும் நினைத்தார்கள். நம்பியவர்களில் அண்ணாச்சியும் ஒருவர் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் ஆபீஸ் மெயில் அவுட்லுக்கில் அல்லவா? அங்கே சேர்கிறதெல்லாம் பிஎஸ்டி என்ற ஒரே கோப்புக்குள் போய் உட்காரும். 2002 வரைக்கும் வந்த அவுட்லுக்கில் அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் அதோடு முடிந்தது; திறக்காது. பிறகு எல்லையை 20 ஜிபி ஆக்கினார்கள், 2010-இல் 50 ஆக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு தடவை எல்லையைத் தள்ளி வைத்ததும் தம்மை மனதில் வைத்துத்தான் என்று அண்ணாச்சி நம்புகிறார். நிறைந்த கோப்புகள் ஹார்ட் டிஸ்குக்குப் போகும். ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குப் போகும். சரஸ்வதி பூஜைக்கு வெளியே வந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, யாரும் திறந்து பார்க்காமலே மறுபடி உள்ளே போகும்.

தூத்துக்குடியைப் பற்றி எழுதிவிட்டு முத்தைத் தொடாமல் விட்டால் ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். 1961-ஓடு நின்றுபோன அந்த முத்துக்குளிப்பில், கரைக்கு வந்த சிப்பியை உடைக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவன் அதைக் குவித்து, அழுகவிட்டு, நாற்றம் ஊரைத் தூக்கிய பிறகு அலசிப் பார்ப்பான். அண்ணாச்சியின் இன்பாக்ஸும் இந்த முறைப்படிதான் நடக்கிறது. அலசுகிற கட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆனாலும் தேடிக் கிடைக்காததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பேன். மெயில் எழுதுகிறவர்கள் லட்சணம் அப்படி. புது விஷயத்துக்குப் புது மெயில் எழுதுகிற வழக்கமே இந்தத் தொழிலில் கிடையாது. கடைசியாக வந்த மெயில் எதுவோ அதற்குப் பதில் போடுவார்கள். ஆகவே 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்ற தலைப்புக்குள் ஒரு மரத்தடி இறக்குமதியாளரின் மூன்று வருஷச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பைத் திறந்தால் ஸ்கேன் செய்த படம். அதில் ஓர் எழுத்துகூடத் தேடலுக்குச் சிக்காது. கோப்பின் பெயரோ 'ஸ்கேன் 0001'.

கன்டெய்னர் எண் இருக்கிறதே என்பீர்கள். நாலு எழுத்து, ஏழு இலக்கம். அதில் கடைசி இலக்கம் முன்னால் உள்ளவை சரிதானா என்று பார்க்கிற சரிபார்ப்பு இலக்கம். உலகம் முழுக்க ஒரே முறை. அந்த எண்ணை ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் நடுவில் இடம் விடுவார், ஒருவர் கோடு போடுவார். ஆபீஸ் தம்பிமார்களோ கடைசி நாலு நம்பரைத் தட்டித் தேடுவார்கள். அவுட்லுக் சொல்லைத் தலையிலிருந்துதான் பொருத்திப் பார்க்கும், வாலைப் பிடித்தால் வராது. ஊர்ப்பேரை வைத்துத் தேடலாமென்றால் அது இன்னும் மோசம். ரயில்வேக்கு டூட்டிகோரின். கலெக்டர் ஆபீஸுக்குத் தூத்துக்குடி. அதை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு கணக்கு. 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தியபோது எங்களுக்குக் கூடுதலாக மூணு எழுத்து கிடைத்தது. சில நாளில் ஆணையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் அந்த எழுத்துகளோடு வந்த மெயில்களை அண்ணாச்சி தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறார்.

அவருக்கு ஃபோல்டர் உண்டு என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். 'முக்கியம்', 'ரொம்ப முக்கியம்', 'பார்க்கணும்', 'முதலாளி கேட்டது', 'புதிய ஃபோல்டர் 2'. 2011-இல் ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுப்பதைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபோல்டருக்குள் போய் எடுக்கச் சராசரியாக 58 விநாடி. தேடல் பெட்டியில் தட்டி எடுக்க 17 விநாடி. அவர்கள் கணக்கில் வராத மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது அண்ணாச்சியைக் கேட்பது. அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

"அந்த மெயிலா? பனிமய மாதா கோயில் திருவிழா அன்னைக்கு வந்தது. ஊரே லீவு. நான் மட்டும் சாவி வாங்கித் திறந்து உக்காந்திருந்தேன். வெளிய பேண்டு வாத்தியம் போவுது, உள்ள இந்தப் பய மெயிலு." தேதிவாரியாக அடுக்கி, ஆகஸ்ட் 5-க்கு உருட்டிக்கொண்டு போவார். இருக்கும். இந்த மாதிரி தேட அவுட்லுக்கில் பெட்டி கிடையாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அண்ணாச்சி தூக்கினது என்னவென்று சொல்லத் தேவையில்லை. பாலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஒரு துண்டும் கட்டியிருந்தார். வீட்டுக்காரம்மா தம் நகைப் பெட்டியைத் தாமே தூக்கி வந்தார்களாம். அந்தப் பேச்சு இன்னும் அந்த வீட்டில் ஓயவில்லை.

ஒரு நாள் சென்னையிலிருந்து கப்பல் லைன் மேடம் லட்சக்கணக்கில் டிடென்ஷன், அதாவது கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு வாடகை, கேட்டு மெயில் போடுவார். ஏழு நாள்தான் இலவசம், பதினாலு நாள் என்று யார் சொன்னது? ஆபீஸ் முழுக்கத் தம்பிமார்கள் தட்டோ தட்டென்று தட்டுவார்கள். முதலாளி வியர்ப்பார். அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்து, 'பொங்கல் நல்வாழ்த்துகள்' தொடரின் நாற்பத்தெட்டாவது பதிலில், 'பதினாலு நாள் ஓகே' என்று அதே மேடம் எழுதினதை எடுத்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அவருக்கே அனுப்புவார். மத்தியானத்துக்குள் பில் ரத்தாகிவிடும்.

"அண்ணாச்சி, இனியாவது இதை மட்டும் தனியா எடுத்து வச்சிக்கிட்டு மத்ததை அழிச்சிரலாம்லா?" என்பான் சின்னப் பயல்.

"செய்யலாம்லே" என்று சொல்லி, அந்த மெயிலின் நகல் ஒன்றைத் தமக்கே அனுப்பிக்கொள்வார் அண்ணாச்சி. அது போன வேகத்தில் திரும்பி வரும்: பெட்டி நிரம்பிவிட்டது, இடமில்லை. அந்த அறிவிப்பைக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரெண்டு தரம் படித்து, 'ரொம்ப முக்கியம்' ஃபோல்டருக்குள் போடுவார்.