மாங்கா

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் 20 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். 2007 வாக்கில் சிவகாசியில் நான் போன பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் கட்டணம். ஆப்செட் அச்சகத்தில் நாளெல்லாம் காலண்டர் தாள் அடுக்கிய கையோடு போய் உட்கார்ந்து, பேட்ரிக் என்ற இணைய விளையாட்டில் என் கிரிக்கெட் அணியைத் திறப்பேன். அதில் நாம் மட்டையைச் சுழற்ற வேண்டியதில்லை. யாரை இறக்குவது, யாரை விற்பது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்வதோடு நம் வேலை முடிந்தது. ஆட்டம் தன்னால் நடக்கும். என்ன நடந்தது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது பயிற்சிப் பக்கம். பேட்டிங்கா, பந்துவீச்சா, கீப்பிங்கா என்று குறித்துவிட்டால் வாரம் ஒருமுறை கணக்குப் பார்த்துத் திறமை ஏறும். அதை எண்ணால் சொல்ல மாட்டார்கள். எதற்கும் உதவாதவன் என்பதில் தொடங்கி உச்சம் வரைக்கும் சொற்களாலேயே படிக்கட்டு கட்டியிருந்தார்கள். சின்ன வயதுக்காரனுக்குச் சீக்கிரம் ஏறும். வயது கூடக் கூட அதே பயிற்சி மெதுவாகத்தான் பிடிக்கும். என்னிடம் 19 வயதில் ஒரு வேகப்பந்துக்காரன் இருந்தான். மற்றவர்களைப் பட்டினி போட்டு அவனுக்கே எல்லாப் பயிற்சியையும் கொடுத்தேன். அவன் ஒரு படி ஏறிய வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவனை அப்படி வளர்த்ததற்குக் காரணம் கண்மாயில் இருந்தான்.

மாசி, பங்குனியில் எங்கள் கண்மாய் வற்றிவிடும். வெடித்துக் கிடக்கிற கரிசலில் ஒரு நீளத்தை மட்டும் தண்ணீர் தெளித்து மிதித்துப் பிட்ச் ஆக்குவோம். சீமைக்கருவேலங்குச்சிதான் ஸ்டம்பு. அங்கே டென்னிஸ் பந்தை இடது கையால் வீசுவான் என் கூட்டாளி. பேட்ஸ்மேனின் கால் விரலுக்கு நேராக, ஓவருக்கு நாலு பந்தாவது யார்க்கர் விழும். சின்ன வயதில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆலை பஸ் ஏறிப் போய்க் கட்டை அடுக்கியவன். குழந்தைத் தொழிலாளர்களுக்கான தேசியத் திட்டம் 1988-இல் வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட ஊர்களில் சிவகாசியும் ஒன்று. அந்தத் திட்டத்தின் சிறப்புப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தான். பிறகு வயது வந்ததும் பட்டாசு ஆலை. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னும். அவன் நாலு ஓவர் போட்டு முடித்த பந்தைப் பார்த்தால் வெள்ளிக்கோடு தெரியும்.

சின்னதில் வேப்பமரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்தவன். நாட்டு வைத்தியத்தில் கட்டுப் போட்டுச் சேர்ந்தது. கை முழுசாக நீளாது. அதனால் பந்து வரும்போது மாங்காய்க்குக் கல் எறிவது போலத் தெரியும். ஒரு போட்டியில் எதிர் அணிக்காரர்கள் "மாங்கா, மாங்கா" என்று கூச்சல் போட்டார்கள். நடுவராக நின்றவர் மூன்று முறை நோபால் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த ஊர்ப் போட்டியிலும் அவனைப் பந்து போட விடவில்லை. எங்கள் அணியும் பரிசுத் தொகைக்குப் பயந்து அவனை ஃபீல்டிங்குக்கு மட்டும் கூப்பிட்டது. அந்த "எங்கள் அணி"யில் நானும் உண்டு. அவனுக்கு அப்போது 22 வயது. என் திரையில் இருந்த பையன் அந்த வாரமும் ஒரு படி ஏறினான்.

இதே வலியைப் பிறகு பெரிய இடத்தில் பார்த்தேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் டென்னிஸ் பந்தில் பழகியவர்தான். 2015 ஜனவரியில் ரஞ்சிக்கு வந்த கையோடு அவருடைய பந்துவீச்சு முறை மீது சந்தேகம் கிளம்பியது. அவருக்குப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். கையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2016-இல் டிஎன்பிஎல், 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய். வலைப் பயிற்சிக்கான பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர் 2020 டிசம்பரில் கான்பராவில் ஒருநாள் ஆட்டமும் டி20-யும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். முதலில் தன்னைக் கண்டெடுத்து வளர்த்த ஜெயப்பிரகாஷின் பெயரை இன்றும் தன்னோடு சுமக்கிறார். பயிற்சி என்பது இதுதான்: ஒருவர் பக்கத்தில் நின்று முழங்கையைப் பார்ப்பது. நான் ஆடிய விளையாட்டில் திறமைக்குப் படிகள் உண்டு, முழங்கை கிடையாது.

இப்போது என் அக்கா மகன் சனி, ஞாயிறுகளில் பயிற்சி முகாமுக்குப் போகிறான். பாய் விரித்த பிட்ச், வலை, தோல்பந்து. பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார். "மாமா, என் முன்னங்கால் எங்க விழுதுன்னு பாருங்க" என்று வீட்டில் எனக்கும் காட்டுவான். போன மாசியில் அவனை என்னோடு கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். கூட்டாளி இன்று ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வயது நாற்பதைத் தொடுகிறது. பையன்களுக்காக இரண்டு ஓவர் போட்டான். அக்கா மகன் அதையும் படம் எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டினான்.

அவர் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, கை மடங்கி இருக்கிறது தப்பே இல்ல. பந்து விடும்போது அது 15 டிகிரிக்கு மேல விரிஞ்சாத்தான் எறியிறதுன்னு அர்த்தம். இவருக்கு மடங்கினது மடங்கினபடியே வருது. ஆய்வகத்துல பார்த்தாத்தான் முடிவா சொல்லலாம், ஆனா எனக்குத் தெரிஞ்சு இது சுத்தமான பந்து."

இலங்கையின் முரளிதரனுக்கும் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. 1995 டிசம்பர் 26-இல் மெல்பர்னில் அவருக்கும் நோபால் கொடுத்தார்கள். ஆனால் அவர் பக்கம் அணித்தலைவர் ரணதுங்கா நின்றார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கையை அளந்து பார்க்க ஆள் இருந்தது. டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

நான் போய்க் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் இடது கையை முன்னால் நீட்டி, நீளாத அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அன்னைக்கு இத யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கு அவன் பக்கம் நிற்க வேண்டியவர்களில் நான் முதல் ஆள். அதை அவனிடமே சொன்னேன்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பயிற்சி முகாம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டணம் கட்டி வலைக்குள் வருகிற பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கண்மாய் வற்றியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் போனோடு எங்கள் பக்கம் வாருங்கள். ஆலைகளுக்கு அன்று விடுமுறை. பையன்கள் ஆறு மணிக்கெல்லாம் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள்.