தாய்ப்பலகையின் தராதரம்: ஒரு லாச்சப்பல் ஆராய்ச்சி

பெயர்க்காரணத்தில் தொடங்குவது ஆய்வு மரபு. கணினிக்குள் எல்லா உறுப்புகளையும் தாங்கிக் கிடக்கும் அந்தப் பலகையை நாங்கள் தாய்ப்பலகை என்போம், அவசரத்தில் மதர்போட். பிரெஞ்சுக்காரர் 'கார்த் மேர்' என்பர், அதாவது தாய் அட்டை. பாரிசில் தமிழர் கூடும் லாச்சப்பலிலோ 'கார்த்' என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: பிரிபெக்தூர் என்னும் அரச அலுவலகம் தரும் வதிவிட அட்டை. இந்தச் சொற்சிக்கலே இவ்வாய்வின் மூலச்சான்று.

சான்று வருமாறு. ஃபோபூர் சன்-தெனி வீதியில் ஒரு கைப்பேசிக் கடையின் பின்மேசை. கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற என் பெறாமகன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தப்பா, கார்த் மேர் செத்துப்போச்சு" என்றான். பக்கத்தில் நின்ற முதியவர் திடுக்கிட்டு, "ஆற்ற தம்பி, அம்மான்ர கார்த்தோ? பிரிபெக்தூருக்கு அறிவிச்சாச்சோ?" என்று கேட்டார்.

செத்ததற்குப் பதிலாக மலிவுப் பலகையா, வெறியர் பலகையா என்பதே ஆய்வுப் பொருள். சைவ சித்தாந்த நூலார் வழியில் பரபக்கத்தை முதலில் கூறி, பிறகு சுபக்கத்துக்கு வருவோம்.

பரபக்கம், அதாவது பெறாமகன் பக்கம்: விலை ஏறினால் வேகம் ஏறும், நல்ல பலகையில்தான் 'ஓவர்க்ளொக்' செய்யலாம், அதாவது செயலியைக் கம்பனி சொன்னதற்கு மேலே முடுக்கி ஓட்டலாம். இதற்கு அவன் காட்டும் ஆதாரம் 1998ஆம் ஆண்டு. இன்டெல் அப்போது செலரோன் 300ஏ என்ற மலிவுச் செயலியை விற்றது. அதன் பெருக்கெண், அதாவது பலகை போடும் தாளத்தை எத்தனை மடங்காக்கி ஓடும் என்பது, 4.5; அதை மாற்ற முடியாது. ஆனால் அந்தத் தாளத்தை மாற்றலாம். அபிட் பிஎச்6 போன்ற பலகையில் பயோசுக்குள், அதாவது பலகையின் அமைப்புத் திரைக்குள், போய் 66 மெகாஹேர்ட்சை 100 ஆக்கினால், 300இல் ஓடவேண்டியது 450இல் ஓடும். அரைமடங்கு வேகம் இனாம்! 2000ஆம் ஆண்டில் இன்னொரு கூத்து. ஏஎம்டி செயலியின் முதுகில் அறுத்துவிடப்பட்டிருந்த சிறு இணைப்புகளைப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தால் பெருக்கெண்ணின் பூட்டுத் திறந்தது. பென்சில்கரி மின்கடத்தி என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் பிழைத்துக்கொண்டான். பிரான்சில் அது இன்னும் பிராங்கு காலம்.

இங்கே பரபக்கத்தார் கவனிக்காத ஒன்று உண்டு. அவர்கள் காட்டிய இரண்டு சான்றுகளும் காசில்லாதவனின் கலையைச் சேர்ந்தவை. மலிவானதை வாங்கி விலை கூடியதைப்போல ஓட்டுவதே அதன் தர்மம். பின்னர் அது தலைகீழாயிற்று. 2011இல் இருந்து இன்டெல், தாளத்தை முடுக்குகிற வழியை அடைத்து, பெயரில் 'கே' என்ற விகுதி பெற்ற செயலிக்கும் அதற்கேற்ற உயர்தரப் பலகைக்கும் மட்டும் பெருக்கெண்ணைத் திறந்துவிட்டது. விகுதியின் விலையை இலக்கணம் சொல்லாது; கடைக்காரர் சொல்வார். ஏஎம்டி 2017இல் ரைசன் செயலிகளை எல்லாருக்கும் திறந்தே விட்டது என்றாலும், ஏ320 பலகையில் செயலியை முடுக்க முடியாது. ஒரு படி மேலே பி350 இருந்தால் போதும்.

இனிச் சுபக்கம். பலகையின் விலை எங்கே போகிறது என்று பார்த்தால், ஒரு நல்ல பங்கு செயலியைச் சுற்றியுள்ள மின்னிறக்கும் பகுதிக்குத்தான். 12 வோல்ட் வரும்; அதை ஏறக்குறைய 1.2 வோல்ட்டாக இறக்கவேண்டும். செயலி 120 வாட் குடிக்குமென்றால் 100 அம்பியர் பாயவேண்டும். என் வீட்டு மின்சார ஒப்பந்தம் 6 கேவிஏ. 30 அம்பியரைத் தாண்டினால் வீடு இருண்டுவிடும். வோல்ட் வேறு என்பது தெரியும், ஆனாலும் முத்திரை அளவு இடத்துக்குள் 100 என்பது மரியாதைக்குரிய எண்.

இந்தச் சுமையைப் பல கிளைகளாகப் பிரிப்பார்கள். கொத்துரொட்டிக் கடையை நினைத்துக்கொள்க. மலிவுப் பலகையில் நாலு பேர் கொத்துகிறார்கள், வியர்வை துடைக்க லேஞ்சியும் இல்லை. வெறியர் பலகையில் எட்டுப் பேர், தலைக்கு மேலே கனத்த அலுமினியக் குளிர்த்தகடு. பெட்டியில் 16 என்று போட்டிருந்தாலும் மயங்கவேண்டாம்: பலவற்றில் எட்டுக் கட்டளையை இரண்டாகக் கிளைவிட்டுப் பதினாறாக எண்ணியிருப்பார்கள். கலியாண அழைப்பிதழில் வராத உறவினர் பெயரும் அச்சாகிற மாதிரி. ஆறு கருச் செயலிக்கு நாலு பேர் தாராளம். பதினாறு கருச் செயலியை அங்கே வைத்து இரவு முழுவதும் வீடியோ ஏற்றினால்தான் மின்னிறக்கும் பகுதி கொதித்துச் செயலி தானாகவே தளரும்.

பரிசோதனையும் நடந்தது. இரவல் வாங்கிய வெறியர் பலகை ஒன்று, இரவல் வாங்கிய மலிவுப் பலகை ஒன்று, அதே ஆறு கருச் செயலி, அதே கலியாணம். முடுக்காமல் ஓட்டியபோது இரண்டுக்குமிடையே இருந்த வித்தியாசம், மாப்பிள்ளை தாலியை எடுத்து மூன்று முடிச்சுப் போடும் நேரத்தைவிடக் குறைவு. பிறகு விலை கூடியதில் முடுக்கினோம். சற்றே வேகம் கூடியது. விசிறி கெட்டிமேளமாய் அடித்தது. இன்றைய செயலிகள் வெப்பம் இடம் தரும் அளவுக்குத் தாமாகவே ஏறி ஓடுகின்றன. நாம் பிடுங்க மிச்சம் அதிகமில்லை. இன்னும் கொஞ்சம் என்று பெறாமகன் ஏற்றினான். அறுகரிசி போடும் கட்டத்தில் நீலத்திரை விழுந்தது. மணமக்கள் ஆசி பெறாமலே நின்றார்கள்.

இவ்வளவையும் நான் விளக்கிய பின், அவன் கார் து நோரில் 5ஆம் இலக்க மெத்ரோ ஏறி, பஸ்தீலில் 8க்கு மாறி, கணினி உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன மொங்கலே வீதியில் இறங்கி, விலை கூடியதையே வாங்கி வந்தான். பயோசை அவன் இன்றுவரை திறக்கவில்லை. பலகையின் ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு ஓடுகிறது. லாச்சப்பல் மாணிக்கப் பிள்ளையார் தேருக்குக்கூட இவ்வளவு சோடனை இல்லை.

முதியவர் மறுபடி கடைக்கு வந்திருந்தார். கண்ணாடிப் பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுதானோ தம்பி அம்மான்ர கார்த்? எத்தினை வருசத்துக்குத் தந்திருக்கினம்?"

"சட்டப்படி ரெண்டு வருசக் கரண்டி, ஐயா."

"இவ்வளவு காசு குடுத்தும் ரெண்டு வருசமோ? பத்து வருசம் எழுதிக் கேட்டிருக்கலாமே."