டேங்குக்குள் தும்மல்

வளைகுடாவில் சாலைப் பயணத்துக்கு எல்லா வசதியும் உண்டு, கதைதான் கிடைக்காது. ஷார்ஜாவில் கிளம்பி துபாய் ஆபீஸ் சேர்வதற்குள் டிராஃபிக்கில் ஒரு நாவலையே படித்துவிடலாம், நாவலில் வைக்கிற மாதிரி ஒன்றும் நடந்திருக்காது. டான் கிஹோத்தேவுக்காவது காற்றாலைகள் ராட்சதர்களாகத் தெரிந்தன. நமக்குத் தெரிவதெல்லாம் ரேடார் கம்பங்கள். இரண்டிலுமே அடி வாங்குவது வேகமாகப் போகிறவன்தான்.

அப்படி ஒரு காலையில் பின்சீட்டில் நான் படித்துக்கொண்டிருந்தது, கஸ்ஸான் கனஃபானியின் ‘சூரியனில் மனிதர்கள்’. குவைத்தில் வாத்தியாராக இருந்தவர், 1963இல் வெளியிட்ட குறுநாவல்.

“கதை என்னடே?” என்றார் வண்டியோட்டிய தென்காசி அண்ணாச்சி.

“மூணு பாலஸ்தீனக்காரங்க பஸ்ராவுல இருந்து குவைத்துக்கு வேலை தேடிப் போறாங்க. விசா கிடையாது. செக்போஸ்ட் வந்தா தண்ணி லாரியோட காலி டேங்குல ஒளிஞ்சுக்கணும்.”

“மத்தியான வெயில்லயா?”

“ஆமா.”

அண்ணாச்சி ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டினார்.

கவுண்டரில் இருப்பவர் சிரித்துப் பேசினால் வேலை முடிந்த மாதிரி என்பது கல்ஃப் வாழ்க்கையின் அசைக்கமுடியாத நம்பிக்கை. கனஃபானி அதில்தான் கைவைக்கிறார். சில நிமிடத்தில் முத்திரை வாங்கித் திரும்ப வேண்டிய டிரைவரை அதிகாரிகள் விட மாட்டேன் என்கிறார்கள். பஸ்ராவில் ஒரு நடனக்காரியோடு உனக்குத் தொடுப்பாமே என்று ஒரே கிண்டல். அவரோ 1948 போரில் காயம்பட்டு ஆண்மையை இழந்தவர். அது நமக்குத் தெரியும், அந்த அறைக்குத் தெரியாது. கிண்டல் முடிந்து அவர் லாரிக்கு ஓடி வருவதற்குள் டேங்கில் மூவரும் செத்துக்கிடக்கிறார்கள். அடித்தவன், மிரட்டியவன் யாருமில்லை. எல்லோரும் ஜாலியான ஆட்கள். இதைவிடக் குரூரமான நகைச்சுவையை நான் படித்ததில்லை.

“டேங்க ஏன் தட்டலன்னுதான் கடைசியில டிரைவர் புலம்புறார்” என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். “விசிட் விசா முடிஞ்சு கெடந்த காலத்துல, போலீஸ்காரன் பக்கத்துல வந்தா நான் தும்மலையே அடக்கிக்கிடுவேன். அவனுவ எங்கடே தட்டுறது?”